லைனிலேயே இருங்கள்

இந்த மாதம் மட்டும் தொலைபேசி கம்பெனிக்கு நாற்பத்தோரு புகார் கொடுத்துவிட்டேன்.

"ஐயா, மறுபடியும் நீங்களா?" என்றாள் அங்கே போன் எடுக்கும் பெண். "இன்னைக்கு என்ன குறை?"

"லைன்ல யாரோ இருமுறாங்கம்மா."

"நேத்து தும்முறாங்கன்னு சொன்னீங்க!"

"சளி முத்திடுச்சு போல. என்னன்னு பாத்துட்டு வாம்மா."

"ரொம்ப நேரம் ஆகுமேய்யா?"

"ஆகட்டும். எனக்கென்ன அவசரம்?"

சிரித்துக்கொண்டே பட்டனை அழுத்தினாள். காத்திருப்பவர்களுக்கான பாட்டு ஆரம்பித்தது. நான் மெட்டமைத்து என் மனைவி பாடியது. முப்பது வருடத்துக்கு முன்னால் ஒலிநாடாவோடு சேர்த்து, முழு உரிமையையும் இந்தக் கம்பெனிக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன். அவள் போய் இரண்டு வருடமாகிறது. அவளுடைய குரல் இனி இந்த ஒரு லைனில்தான் கேட்கும்.

சரணம் முடிவதற்குள் அந்தப் பெண் திரும்பி வந்துவிட்டாள்.

"ஐயா, உங்களுக்கு ஒரு நல்ல சேதி! நாளையிலேருந்து இங்க மெஷின்தான் பேசப்போகுது. முதல் மணியிலேயே எடுத்துடும். யாரும் ஒரு நொடிகூடக் காத்திருக்க வேண்டாம்."

"அதைக் கொஞ்சம் மெதுவா எடுக்கச் சொல்லேம்மா," என்றேன்.

"அதுக்கு மெதுவான்னா என்னன்னே தெரியாதுய்யா!" என்றாள் பெருமையாக.