மேட்டுத்தெரு

போர் தொடங்கியதிலிருந்து, படைக்கு ஆள் பிடிக்கும் பேருந்து பள்ளத்துக் குடிசைகளுக்கு மட்டுமே போய்வந்தது. கொண்டுபோய் விட்ட ஒருவனைக்கூட ஓட்டுநர் மாசிலாமணி திரும்ப ஏற்றி வந்ததில்லை. அன்று ஏற்றியவர்களில் அவருடைய அக்காள் மகனும் இருந்தான். முகாமுக்குப் போக வேண்டிய வண்டியை மாசிலாமணி மேட்டுத்தெருப் பக்கம் திருப்பினார்.

"எங்கய்யா போற?" என்றார் ஆள் பிடிக்கக் கூட வந்திருந்த அதிகாரி.

"இன்னும் இடம் காலியா இருக்குங்க சார்."

"இங்க இருக்கிறவங்களுக்கு விலக்குன்னு சட்டமே இருக்கு. தெரியாதா?"

"தெரியும் சார். போரும் வேணும், அந்தச் சட்டமும் வேணும்னு கையெழுத்துப் போட்டவர் வீட்டுக்குத்தான் போறோம்."

அமைச்சர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, ஹாரனில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். அதிகாரி துப்பாக்கியை எடுத்தார். பின்னால் பையன்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். மாடி ஜன்னலில் திரையை விலக்கி அமைச்சரின் மகன் எட்டிப் பார்த்தான். அவனுக்கும் அவர்கள் வயதுதான்.

மாசிலாமணி கையை எடுக்கவில்லை.