பயனர் 212

"பயனரை உக்கார வெச்சுக் கேள்வி கேக்காதீங்க. கொஞ்ச நேரம் அவங்களாவே இருந்து பாருங்க" என்று சொல்லி, வடிவமைப்புக் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஐந்து பேருக்கும் நெற்றிப்பட்டையை மாட்டிவிட்டேன். நானும் ஒன்றை மாட்டிக்கொண்டேன். இதே பட்டையை அணிந்திருந்த யாரோ ஒரு பயனர் வாழ்ந்த சில நிமிடங்கள் அதில் பதிவாகியிருக்கும்; மாட்டிக்கொண்டால் அவற்றை அப்படியே உள்ளிருந்து உணரலாம். அவர் பெயரும் முகமும் மட்டும் தெரியாது.

அன்று எங்கள் ஆறு பேருக்கும் வந்தது பயனர் 212. பார்வை மங்கலாக இருந்தது. எங்கள் பென்ஷன் செயலியில் 'உயிருடன் இருக்கிறேன்' என்ற பொத்தானை நடுங்கும் விரல் மூன்றாவது முறையாகத் தவறவிட்டது. சமையலறையிலிருந்து யாரோ வரும் சத்தம் கேட்டதும் கை அவசரமாகப் போனை மடியில் மறைக்கப் பார்த்தது.

"எத்தன தடவைப்பா சொல்றது? இதுகூடவா தெரியல? குடுங்க இங்க!"

போன் வெடுக்கென்று பிடுங்கப்பட்டது.

அது என் குரல். போன மாதம் பதிவெடுக்க ஆள் போதவில்லை என்று அப்பாவுக்கும் ஒரு பட்டையை மாட்டிவிட்டு, அதை மறந்தே போயிருந்தேன்.

பட்டைகளைக் கழற்றிய பிறகு யாரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. சிக்கல் எதுவோ அதை மழுப்பாமல் சீட்டில் எழுதிப் பலகையில் ஒட்ட வேண்டும் என்பது நான் போட்ட விதி. எழுதினார்கள், ஒட்டினார்கள். ஐந்து சீட்டிலும் ஒரே விஷயம்தான் இருந்தது: 'பொத்தான் ரொம்பச் சின்னது.'

"சரிதானே மேடம்?" என்று பானுரேகா தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"சரிதான்" என்றேன்.