அம்பு ஸ்டிக்கர்

"பனியன் கம்பெனியில செக்கிங் பாக்கறவங்களுக்கு வீடியோ தரத்தைப் பத்தி என்னம்மா தெரியும்?" என்றார் பேராசிரியர் ஈஸ்வரமூர்த்தி.

"கண்ணுக்கு எது நல்லாருக்குன்னு கேக்கற ஆராய்ச்சிதானுங்க சார் இது?" அவரது ஆராய்ச்சி மாணவி வளர்மதி விடவில்லை. "பழனாத்தாக்கா நாள் முழுக்கத் துணியில ஓட்டை தேடறவங்க."

"சரி. அஞ்சு படத்துல ஒண்ணு அசல். மத்தது இடம் மிச்சம் பண்ணச் சுருக்கினது. அசலுக்கு மார்க்கைக் குறைச்சாங்கன்னா, செக்கிங் பொம்பளைங்களை வெச்சு நீ ஆராய்ச்சி பண்றதை மறந்துரு."

மறுநாள் பழனாத்தாள் முன்னால் கம்ப்யூட்டரில் ஒரே காட்சி ஐந்து முறை ஓடியது. இரண்டாவதில் படம் கட்டம் கட்டமாக உடைந்த இடத்தில், பழக்கதோஷத்தில், பனியனில் ஓட்டையைக் காட்ட ஒட்டும் அம்பு ஸ்டிக்கரை அவள் திரையிலேயே ஒட்டினாள். ஐந்துக்கு இரண்டு மார்க். ஐந்தாவது படத்துக்கும் இரண்டே.

"அஞ்சாவதுதான் அசல். முடிஞ்சுது!" என்றார் பேராசிரியர்.

வளர்மதியின் முகம் சுண்டிப்போனது.

"இல்லீங்க சார்," என்றாள் பழனாத்தாள். "ரெண்டும் அஞ்சும் ஒரே ரோல் துணிங்க. மறுக்கா ஓட்டிப் பாருங்க."

ஓட்டினார். ஐந்தாவது படமும் ஸ்டிக்கரின் முனையிலேயே உடைந்தது. அவசரமாக ஃபைல்களைத் திறந்து பார்த்தார். அசல் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டாவதையே காப்பி செய்திருந்தார், அவரேதான்.

"இப்ப யாரு மார்க்கைக் கழிக்கறதுங்க சார்?" என்றாள் வளர்மதி.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "உங்க செக்சன்ல இன்னும் எத்தனை பேரும்மா இருக்கீங்க?"

"இருவது பேருங்க." பழனாத்தாள் ஸ்டிக்கரை உரித்து அவர் சட்டைப் பையோரம் ஒட்டினாள். "தப்பா நெனைக்காதீங்க, இங்கயும் ஒரு தையல் உட்டுருக்குதுங்க."