லாரியில் வந்த வகுப்பறைகள்

தொழிற்சாலையிலேயே செய்து முடித்த எட்டு வகுப்பறைகள் சனிக்கிழமை லாரிகளில் வந்து இறங்கின. கிரேன் தூக்கி அடுக்கியது. ஞாயிறு மாலை உள்ளே மின்விசிறி சுற்றியது.

இடமில்லாமல் காலை, மதியம் என்று இரண்டு ஷிப்டாக நடந்த பள்ளி அது. போன மாதம்தான் பொறுப்பேற்ற தலைமையாசிரியைக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. முக்கியமாக, ஐந்தாம் அறைத் தலைவலி தீர்ந்தது.

அந்த அறையில் காலையில் கணக்கு வாத்தியார், மதியம் வரலாற்று டீச்சர். தினமும் புகார்தான்.

"அந்தம்மா போர்டை அழிக்கவே மாட்டாங்க" என்பார் அவர்.

"டிராயர் முழுக்க அவர் போட்ட குப்பை" என்பார் இவர்.

திங்கள் காலை தலைமையாசிரியை இருவரையும் கூப்பிட்டார்.

"இனிமே ஷிப்ட் கிடையாது. எல்லாருக்கும் ஒரே நேரம்தான். உங்களுக்கு இந்தக் கோடியில ஒரு ரூம், அவங்களுக்கு அந்தக் கோடியில ஒரு ரூம். சந்தோஷம்தானே?"

இருவர் முகமும் தொங்கிப்போனது.

"ஷிப்டே இருக்கட்டுமே மேடம்" என்றார் வாத்தியார்.

"ஆமா மேடம், அதை மட்டும் எடுத்துடாதீங்க" என்றார் டீச்சர்.

தலைமையாசிரியை சிரித்துவிட்டார். "நீங்க ரெண்டு பேரும் ஒத்துப்போறது இதுதான் முதல் தடவை போல."

"ரெண்டாவது தடவை மேடம்" என்று பெருமூச்சு விட்டார் டீச்சர். "முதல் தடவை, எங்க கல்யாணத்துக்குச் சம்மதிச்சப்போ."