பதினைந்து பிராசசர்கள் உறங்கும்போது

மானுட வரலாற்றின் மாபெரும் பத்து நிமிடங்கள் இதோ, ஆஸ்பத்திரியின் கணினி அறையில் நடந்துகொண்டிருக்கின்றன. பெரிய சர்வரின் பதினாறு பிராசசர்களில் பதினைந்தை நிறுத்தியாயிற்று. மிச்சமுள்ள ஒன்று, எல்லாம் கண்விழிப்பது எப்படி என்று சொல்லும் ஃபர்ம்வேரை அழித்துவிட்டுப் புதிதாக எழுதுகிறது. நடுவில் மின்சாரம் போனால் இயந்திரம் இனி எழாது. நோயாளிகளின் பரிசோதனை முடிவுகளும் அதோடு படுத்துவிடும். கறுப்புத் திரையில், எழுதி முடிந்த அளவைக் காட்டும் வெள்ளைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக முளைக்கின்றன. ஏசியின் குளிரில் ஒற்றை நீல விளக்கு, தூங்கும் குழந்தையின் வயிறுபோல ஏறி இறங்குகிறது. மேலாளர் கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு, பிளக்குக்கு முன்னால் இரு கைகளையும் விரித்து நிற்கிறார்.

"யாரும் மூச்சுகூட விடாதீங்க!"

"மூச்சு விடலாம் சார். நீங்க மிதிச்சிட்டிருக்கிற வயரை மட்டும் விட்டுடுங்க," என்கிறாள் என்ஜினீயர், திரையிலிருந்து கண்ணெடுக்காமல். மேலாளர் கொக்குபோல ஒற்றைக் காலில் நிற்கிறார். மின்சாரத்தைக் கவனிக்க வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் எலக்ட்ரீஷியன் சிரிப்பை விழுங்குகிறார். கடைசிப் புள்ளியும் முளைக்கிறது. ஒரு கணம் அறையில் சத்தமே இல்லை. பிறகு எங்கோ ஆழத்தில் ஒரு விசிறி முனகுகிறது, அடுத்தது சேர்ந்துகொள்கிறது, பச்சை விளக்குகள் கீழிருந்து மேலாக ஏறுகின்றன, பதினாறும் கண்விழித்து இரைகின்றன. எலக்ட்ரீஷியன் தன்னையறியாமல் எழுந்து நிற்கிறார்.

"பொழைச்சிடுச்சாம்மா?"

"பொழைச்சிடுச்சு அண்ணே. ஆனா சார், நீங்க குடுத்த ஃபைல் பழசு."

ஏற்கெனவே உள்ளே இருந்த அதே ஃபர்ம்வேர்தான் மறுபடி ஏறியிருக்கிறது.