ஒரு நாள் இரவல்

"இரவல் வேண்டாம் மேடம். எங்க வெள்ளி நகையை எங்களுக்கே குடுத்துடுங்க." இதை மட்டும் கேட்கக் கூடாதென்று அன்செல்மோ மாமா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார், அருங்காட்சியக மேசை எதிரே உட்கார்ந்ததுமே குயென் கேட்டுவிடுகிறாள். மாமாவின் முழங்கை அவள் விலாவில் இடிக்கிறது. "படிச்ச திமிருங்க, மனசுல வெச்சுக்காதீங்க. எங்க புத்தாண்டுக்கு ஒரு நாள் தந்தாப் போதும்." ஜன்னலில் மழை வழிகிறது. விளக்கடியில், குயெனின் முப்பாட்டி கழுத்திலிருந்து படைக்காரர்கள் அறுத்தெடுத்த, மாப்புசே பழங்குடியினரின் மார்பணி கிடக்கிறது. அதைப் பராமரிக்கும் அருங்காட்சியக அதிகாரி இசிடோராவுக்குக் கோபமே வரவில்லை. "இத்தனை வருஷம் நான்தானே பார்த்துக்கிட்டேன், இவளைப் பிரிஞ்சு எப்படி இருப்பேன்?" என்று மார்பணியைக் கையிலெடுத்துச் சிரித்தபடி, அது தொங்கும் அழகைக் காட்டத் தன் மார்பிலேயே வைத்துக்கொள்கிறாள். வெள்ளித் தகடுகள் கலகலக்கின்றன. பெற்ற பிள்ளை அடுத்தவள் இடுப்பில் ஏறிக்கொண்டு சிரிப்பதைப் பார்ப்பதுபோல் குயெனுக்கு வயிறு எரிகிறது. எந்தக் கொக்கி இறுக்கம், எந்தத் தகடு ஆட்டம் என்று கையுறை போட்ட இசிடோராவின் விரல்களுக்குத் தெரிகிறது, குயெனுக்குத் தெரியாது. "ஒங்களுக்கு எடுப்பா இருக்குங்க" என்கிறார் மாமா. இசிடோரா பூரித்துப்போய், குயெனிடம் ஒரு ஜோடி கையுறையை நீட்டுகிறாள். "நீயும் தொட்டுப் பாரேன், இதை மாட்டிக்கிட்டு." குயென் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுகிறாள். "ஒரு நாள் இரவல் வாங்கினா, இது ஒங்களுதுன்னு நாங்களே ஒத்துக்கிட்ட மாதிரி. கோர்ட்டுல கேட்டுக்கறேன்." "உக்காருடி!" என்கிறார் மாமா. எந்த வக்கீலிடம் போவதென்றுகூடக் குயென் மனசுக்குள் முடிவு செய்துவிட்டாள். அவள் கதவைத் திறந்து மழையில் இறங்கி நடக்கிறாள்.