இரண்டு முழம் மல்லிகை

பிறந்த மூன்றாம் நாளே இறந்துபோன மகளை அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். மறுநாள் காலையில் பேச்சிக்குப் பால் கட்டிக்கொண்டது. வலியில் கையைத் தூக்க முடியவில்லை. மாமியார் சிவகாமி எந்தக் குறையும் வைக்கவில்லை. வேப்பிலை போட்ட வெந்நீரில் குளிப்பாட்டினாள். அடிவயிற்றைத் துணியால் இறுகக் கட்டி, லேகியத்தை உருட்டித் தானே வாயில் வைத்தாள். கடைசியாக இரண்டு முழம் மல்லிகைப் பூவை மார்போடு சேர்த்துக் கட்டிவிட்டாள்.

“ரெண்டு நாள் கெடக்கட்டும். பூ வச்சுக் கட்டினா பால் வத்திரும்.”

கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வீட்டில் யாரும் பேச்சியை இவ்வளவு பரிவாகத் தொட்டதில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“என்னால ஒங்களுக்கு எவ்வளவு செரமம், அத்தை.”

“இதுல என்ன செரமம்? ஒடம்பு வெரசாத் தேறினாத்தான அடுத்தது தங்கும். போனது பொட்டைதான, விடு.”

அவள் கதவைச் சாத்திக்கொண்டு போகும்வரை பேச்சி அசையவில்லை. பிறகு முதுகுப்பக்கம் கையை எட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு முடிச்சை அவிழ்த்தாள். பூவை ஜன்னல் வழியாக வெளியே எறிந்தாள். பால் கசிந்து சேலை நனையத் தொடங்கியது. அது மகளுக்காகச் சுரந்தது. அதைத் துடைக்காமல், நனைந்த சேலையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.